கடிதத்தோடு ஒரு துண்டு தங்கூசி

தம்பி,

எப்போதும் முதல் வரியில் நாங்கள் சுகம் என்று எழுதிவிட்டுத்தான் மற்றதைத் தொடங்குவேன். அப்பாவும் நானும் சுகமாகத்தான் இருக்கிறோம், அதில் நீ சந்தேகப்பட வேண்டாம். ஆனால் இன்றைக்கு எழுத வந்தது எங்கள் சுகத்தை இல்லை. தொலைபேசியில் சொல்லலாமே என்று நீ கேட்பாய். தொலைபேசியில் நான் தொடங்கினால் நீ ஒரு பகிடி விட்டுக் கதையை மாற்றிவிடுவாய், நானும் சிரித்துவிட்டு வைத்துவிடுவேன். எழுதினால் நீ இடையில் புகுந்து பேச முடியாது. ஐந்தாம் வகுப்போடு நின்றவளின் எழுத்து. பிழை இருந்தால் பொறுத்துக்கொள், ஆனால் கடைசி வரி வரைக்கும் வாசி. மருமகளுக்கும் வாசித்துக் காட்டு. வேறு யார் வாசித்தாலும் எனக்கு வெட்கமில்லை. சீனி வருத்தக்காரர் இருக்கிற எந்த வீட்டிலும் இதை வாசிக்கலாம்.

போன கிழமை மருமகள் கதைத்தபோது சொன்னாள்: "மாமி, உங்கடை மகன்ரை கூத்தைக் கேளுங்கோ. பிள்ளையின்ரை விளையாட்டுக் கட்டை ஒண்டு இவற்றை சப்பாத்துக்குள்ளை விழுந்து கிடந்திருக்கு. அதோடையே வேலைக்குப் போய், நாள் முழுக்க நிண்டு வேலை செய்து, வீட்டை வந்து கழட்டேக்கைதான் கண்டவர். குதிக்கால் கண்டிப் போய்க் கிடக்கு. தெரியவே இல்லையாம்." நீ பின்னால் நின்று, "மீன் தொழிற்சாலைக் குளிருக்கை கால் இருக்கோ இல்லையோ எண்டே தெரியாதம்மா" என்று சிரித்தாய். மருமகளும் சிரித்தாள். நானும் சிரிப்பது போல ஒரு சத்தம் போட்டேன். வைத்த பிறகு கதிரையிலேயே இருந்துவிட்டேன். அப்பா வந்து, "என்ன, அங்கை ஏதும் பிரச்சினையோ?" என்று கேட்டார். "ஒண்டுமில்லை, பிள்ளையளோடை கதைச்சனான்" என்றேன். அது பொய். அந்தப் பொய்யைச் சொன்னபோதே, இதே வாயால் முன்பு நான் மறைத்தவையெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன.

அப்பாவின் சுட்டுவிரல் போய் மூன்று வருடமாகிறது. அதை எடுத்தது நீ நோர்வேயிலிருந்து அனுப்பிய நூல் என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். உன் தூண்டில் தடிகளை யாரோ சிநேகிதனுக்குக் கொடுத்துவிட்டாய் என்றும், வீட்டிலிருந்து பார்த்தால் தெரிகிற கடலுக்குக் கூடப் போவதில்லை என்றும் மருமகள் சொல்லி அறிந்தேன். நீ அப்படி நினைப்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் நினைக்க விட்டேன். நூல் அந்த விரலை வெட்டியது உண்மை. ஆனால் அதற்கு முன்னமே அந்த விரல் போய்விட்டது. அது எனக்கும் அப்பாவுக்கும் தெரியும். உனக்கு மட்டும் தெரியாது. நூல்தான் காரணம் என்று நீ நினைத்திருக்கும் வரைக்கும் உன் காலைத் திருப்பிப் பார்க்க மாட்டாய். அதனால்தான் எழுதுகிறேன்.

நீ அறிந்தவற்றையும் கொஞ்சம் எழுத வேண்டியிருக்கிறது, மருமகளுக்கு விளங்க வேண்டும். நாங்கள் நெடுந்தீவில் தடி வைத்துப் பிடிப்பவர்கள் இல்லை. வள்ளத்தை நங்கூரத்தில் விட்டுவிட்டு, தூண்டிலும் ஈயமும் கட்டிய தங்கூசியைக் கையாலேயே இறக்குவோம். தங்கூசி என்பது கண்ணாடி போல இருக்கிற நைலோன் இழை. அது வலது கைச் சுட்டுவிரலின் முதல் மடிப்பில் கிடக்கும். எட்டுப் பாகம், பத்துப் பாக ஆழத்தில் நடப்பது அந்த ஒரு மடிப்புத் தோலுக்குத்தான் தெரியும். பாகம் என்பது விரித்த இரண்டு கையின் நீளம். ஓரா மீன் வந்தால் எறும்பு ஊர்வது போல நுள்ளும். விளைமீன் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு இழுக்கும். கலவாய்க்கு ஒரே இழுவை. அந்த இழுவையோடு நாமும் இழுக்காவிட்டால் அது கல்லுக்குள் புகுந்துவிடும், பிறகு தங்கூசியை அறுத்துவிட்டு வர வேண்டியதுதான்.

தங்கூசி இழுபடும் சாமான். கீழே மீன் தட்டுகிற தட்டில் பாதியைத் தானே குடித்துவிட்டு மிச்சத்தைத்தான் மேலே அனுப்பும். ஆழம் கூடக்கூட அந்த மிச்சமும் குறையும். தடித்த தங்கூசி என்றால் நீரோட்டம் அதைத் தள்ளி வளைத்துவிடும். வளைந்து கிடக்கிற தங்கூசி நிமிர்ந்து கைக்குச் சேதி வருவதற்குள் மீன் இரையைத் தின்றுவிட்டுப் போய்விடும். மெல்லியது நன்றாகச் சொல்லும், ஆனால் கல்லில் ஒருமுறை உரசினால் அறும். வெயிலில் கிடந்து முறுகினது சுருள் சுருளாக நிற்கும், அது ஒன்றுமே சொல்லாது. ஆனாலும் அந்த இழுபடுகிற குணத்தில் ஒரு நன்மை இருக்கிறது. மீன் தலையை உதறும்போது அது கொஞ்சம் விட்டுக்கொடுக்கும், தூண்டில் வாயைக் கிழித்துக்கொண்டு வராது. ஆனால் தங்கூசியில் மீனைக் கொளுவுவதென்றால் ஒரு கை நீளத்துக்கு இழுக்க வேண்டும். சின்னதாகச் சுண்டினால் அந்தச் சுண்டலைத் தங்கூசியே விழுங்கிவிடும், தூண்டிலுக்குப் போய்ச் சேராது.

இதையெல்லாம் எங்கள் வீட்டில் பார்த்தது நான். அப்பா கடலில் எவ்வளவு பொறுமைசாலியோ முடிச்சுப் போடுவதில் அவ்வளவு அவசரக்காரர். கலியாணம் கட்டி வந்த வருடமே அந்த வேலையை அவர் கையிலிருந்து பறித்துவிட்டேன். கடையில் தங்கூசியை விரலில் சுற்றிப் பார்த்து வாங்குவது, கடலால் வந்ததும் அதை வாயில் வைத்துச் சொண்டுகளுக்கு இடையில் இழுத்து உரசல் இருக்கிறதா என்று பார்ப்பது, தூண்டில் கட்டுவது எல்லாம் நான்தான். என் முடிச்சு அவிழ்ந்து ஒரு மீன் போனதென்று அவர் சொன்னதில்லை. அதில் எனக்குப் பெருமை இருந்தது, இன்றைக்கும் இருக்கிறது. அதனால் ஒருநாள் அவர் வெறும் கையோடு வந்து தங்கூசியைக் குற்றம் சொன்னபோது எனக்குச் சுருக்கென்றது.

"உந்தத் தங்கூசி சரியில்லை. சவம் மாதிரிக் கிடக்குது. கொத்துறது தெரியேல்லை" என்றார்.

"போன மாசந்தானே புதுசு வாங்கினனான்."

"அப்ப கடைக்காரன் பழசைத் தந்திட்டான்."

அருளப்பு வள்ளத்தைக் கட்டிக்கொண்டு நின்றது. அப்பாவோடு ஒரே வள்ளத்தில் பதினைந்து வருடமாகப் போகிற ஆள், அப்பாவைவிடப் பத்து வயது இளையது. அதனுடைய தங்கூசியும் நான் வாங்கின அதே உருளையில் வெட்டினதுதான். அதன் கூடை நிறைய விளைமீன். "அக்கா, தங்கூசிக்கும் ஆளைத் தெரியும் போலை. அண்ணையோடை கோபம், என்னோடை மட்டும் கதைக்குது" என்றது. அப்பா முறைத்துப் பார்த்தார். நான் சிரிக்கவில்லை. அதற்கு முதல்நாள், அடுப்பிலிருந்து இறக்கின சுடுதேத்தண்ணிக் கோப்பையை அவர் சுற்றிப் பிடித்தபடி பேசிக்கொண்டிருந்ததை நான் கண்டிருந்தேன். என் கையால் அதைத் தொடவே ஏலாமல் இருந்தது.

அன்று பின்னேரம் வளவுக்குள் ஒரு சோதனை வைத்தேன். அவரை வாசலில் கதிரை போட்டு, கிணற்றுக்கு முதுகு காட்டி இருக்கச் சொன்னேன். தங்கூசியின் ஒரு முனையை அவர் விரலில் போட்டுவிட்டு, மறுமுனையைக் கிணற்றடிக்குக் கொண்டுபோய் இறுக்கிப் பிடித்தேன். முதலில் ஓரா போல நுள்ளினேன். அவர் அசையவில்லை. விளைமீன் போல இரண்டு தட்டுத் தட்டினேன். பக்கத்துக் கல்வேலியில் நின்ற காகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கலவாய் இழுக்கிற மாதிரி ஒரே இழுவையாக இழுத்தேன். உடனே கையைத் தூக்கி இழுத்து, "உது கலவாய்" என்றார், சந்தோசமாக.

"முதல் வந்த ரெண்டும்?"

"எந்த ரெண்டு?"

நான் இடம் மாறிக் கதிரையில் இருந்தேன். அவர் கிணற்றடியில் நின்று மூச்சு விட்டதே எனக்குத் தெரிந்தது. பிறகு, வலை பொத்துகிற பருத்தி நூலை எடுத்து அதே சோதனையைச் செய்தேன். அது அவ்வளவாக இழுபடாது. அதில் விளைமீனின் இரண்டு தட்டும் மங்கலாக அவருக்குத் தெரிந்தன. "பாத்தீரோ? தங்கூசிதான் பிழை. நூலிலை தெரியுது" என்றார். அப்படிச் சொன்னபோது அவர் முகத்தில் வந்த நிம்மதியை நீ பார்க்கவில்லை, தம்பி. ஒரே தங்கூசி எனக்குச் சொல்கிறது, அவருக்குச் சொல்லவில்லை. அதற்குமேல் விளங்க என்ன இருக்கிறது? ஆனாலும் நான் "ஓம், அப்பிடித்தான் கிடக்கு" என்றேன். என் தங்கூசியின் மேல் பழி வந்தாலும் பரவாயில்லை, அவர் விரலின் மேல் வரக்கூடாது என்று நினைத்தேன். அதுதான் முதல் பிழை.

மனம் கேட்காமல் அடுத்த கிளினிக் நாளில் அவரை இழுத்துக்கொண்டு எங்கள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். இரத்தத்தில் சீனி நிறைய இருந்தது. கன காலமாக இருந்திருக்க வேண்டும் என்றார்கள். குளிசை தந்தார்கள். அதன்பிறகு ஒரு தாதிப்பிள்ளை, கால் கையில் உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்று அவரை ஒரு நீள மர வாங்கில் படுக்க வைத்தாள். கையில் ஒரு சின்னத் தடி. அதன் நுனியில் விரல் நீளத்துக்குத் தங்கூசி, எங்கள் தங்கூசி போலவே. அப்பா அதைக் கண்டதும் தலையைத் தூக்கி, "பிள்ளை, உது எங்கடை சாமானெல்லே. உதிலை மீன் பிடிக்கிறதோ?" என்றார். அவளும் சிரித்துக்கொண்டு, "ஓம் ஐயா, கண்ணை மூடுங்கோ. நான் தொடுற நேரம் தெரிஞ்சால் ஓம் எண்டு சொல்லுங்கோ" என்றாள்.

தொட்டாள். அவர் பேசவில்லை. வேறு இடத்தில் தொட்டாள். பேசவில்லை. மூன்றாம் தரம் தொட்டபோதும் பேசவில்லை. ஆனால் கண்ணை மூடியபடி முகத்தை நான் நின்ற பக்கமாகத் திருப்பினார். இரை போட்டுவிட்டுக் காத்திருக்கிற முகம் அது. எங்களுக்கு முன்னால் போன ஒருவரிடம், இனிமேல் வெறுங்காலோடு வயலுக்கு இறங்க வேண்டாம், காயம் வந்தாலும் தெரியாது என்று அவள் சொல்லி அனுப்பியதை இருவரும் கேட்டிருந்தோம். கடலுக்குப் போக வேண்டாம் என்று சொல்லிவிட்டால் இந்த மனிதன் வீட்டில் இருந்து என்ன செய்வார் என்று மட்டும்தான் எனக்கு ஓடியது. நாலாம் தரம் அவள் தொட்டபோது நான் இருமினேன்.

"ஓம்" என்றார்.

முன்கூட்டிப் பேசி வைக்கவில்லை. நாற்பது வருடம் ஒன்றாக இருந்தவர்களுக்குப் பேசி வைக்க வேண்டியதில்லை. அதன்பிறகு அவள் தொடுகிற ஒவ்வொரு தரமும் நான் இருமினேன், அவர் ஓம் சொன்னார். கை விரல்களையும் பார்த்தாள். அதற்கும் இருமினேன். கடைசியில் அந்தப் பிள்ளை எழுதிக்கொண்டே, "நல்ல காலம் ஐயா, உணர்ச்சி பெரிசாப் போகேல்லை. போயிருந்தால் வெட்டுற, சுடுற வேலை ஒண்டுக்கும் போகாதையுங்கோ எண்டு சொல்லியிருப்பம்" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "அம்மா, உங்கடை இருமல்தான் சரியில்லை" என்று எனக்கும் துண்டு எழுதித் தந்தாள். அவளில் ஒரு பிழையும் இல்லை. என்னை நம்பினாள், அவ்வளவுதான். அன்று இருமல் மருந்துப் போத்தல் ஒன்றோடு வீட்டுக்கு வந்தேன். வழியில் அப்பா, "நல்லா இருமினீர்" என்று சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் என் வாயில் நானே அடிக்கலாம் போல இருக்கிறது.

அந்தக் கிழமைதான் உனக்குத் தொலைபேசி எடுத்து, இழுபடாத நூல் அங்கே கிடைக்குமா என்று கேட்டேன். உனக்கு நினைவிருக்கிறதோ தெரியாது, நான் மறக்கவில்லை. "ஓம் அம்மா, பின்னல் நூல். மீன் முகர்ந்து பாத்தாலே கைக்குத் தெரியும். ஆனா பாத்துப் பிடிக்கச் சொல்லுங்கோ, கையை வெட்டும். கையுறை இல்லாமல் பாவிக்கக் கூடாது" என்றாய். நான் "ஓமோம்" என்றேன். "ஏனம்மா, தங்கூசிக்கு என்ன?" என்று கேட்டாய். "மீன் இப்ப ஆழத்திலைதான் நிக்குது, அதுக்குத்தான்" என்றேன். மீன் நின்ற இடத்திலேயே நின்றது. நீ எச்சரித்தாய், கேட்டாய், நான் மறைத்தேன். உன் பங்கு அதோடு முடிந்தது, தம்பி. அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் எங்கள் வீட்டுக்குள் நடந்தது.

நூல் வந்தது. பச்சை நிறம், தையல் நூல் தடிப்புத்தான், ஆனால் இரண்டு பேர் இழுத்தாலும் அறாது. முதல்நாள் கடலால் வந்தபோது அப்பாவின் கண்ணில் பழைய வெளிச்சம் இருந்தது. ஈயம் மணலில் விழுவதும் கல்லில் விழுவதும் வேறுவேறாகத் தெரிகிறது, மீன் கொத்துவது கதவில் தட்டுகிற மாதிரி இருக்கிறது என்றார். ஆனால் கூடையில் மீன் இல்லை. தூண்டில்களில் மூன்று மீன் சொண்டுகள் மட்டும் கொளுவிக் கிடந்தன. நாற்பது வருடம் தங்கூசியில் பழகிய கை, கொத்தினவுடன் ஒரு கை நீளத்துக்கு இழுத்திருக்கிறது. விட்டுக்கொடுக்காத நூலில் அப்படி இழுத்தால் வாய் கிழியும். அருளப்பு கரையில் நின்ற எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "அண்ணை, நீங்கள் மீன் பிடிக்க வந்தனீங்களோ, மீனுக்குச் சொண்டு வெட்ட வந்தனீங்களோ?" என்று கேட்டது.

இரண்டு மூன்று நாள் இருந்து யோசித்து, நூலின் நுனியில் இரண்டு பாகம் தங்கூசி பொருத்தினேன். மீனுக்குப் பச்சை நூல் தெரியாது, தங்கூசி கொஞ்சம் விட்டுக்கொடுக்கும், மேலே நூல் சேதியை முழுதாகக் கொண்டுவரும். அந்த நூலில் என் பழைய முடிச்சு வழுக்கியது. சுற்றைக் கூட்டி, ஈரப்படுத்தி இறுக்கி, வேறு முடிச்சுக் கண்டுபிடித்தேன். கையை வீசாமல் மணிக்கட்டால் மட்டும் சுண்டச் சொன்னேன். அதற்குப் பிறகு மூன்று மாதம் வீட்டில் மீனுக்குக் குறைவில்லை. இறங்குதுறையில் காண்கிறவர்களிடமெல்லாம், "என்ரை பெடியன் அனுப்பின நூல்" என்று அப்பா சொல்லிக்கொண்டு திரிந்தார். அந்த மூன்று மாதத்தை நீ அவருக்குக் கொடுத்தாய் என்பதையும் நீ அறிய வேண்டும்.

கையை வெட்டும் என்று நீ சொன்னதை நினைத்து, சைக்கிள் ரியூப்பை வெட்டி அந்த விரலுக்கு ஓர் உறை தைத்துக் கொடுத்திருந்தேன். மூன்று மாதம் போக, அவர் உறையைக் கழற்றி என் முன்னால் வைத்தார். "இதுக்கு மேலாலை ஒண்டும் தெரியேல்லை. நூலும் பழுதாப் போச்சோ தெரியாது" என்றார். நூல் பழுதாகவில்லை. மருந்தை ஒழுங்காகப் போடாமல், சோற்றைக் குறைக்காமல், அந்த விரலில் மிச்சமிருந்த உணர்ச்சியும் போய்க்கொண்டிருந்தது. அப்போதாவது சொல்லியிருக்கலாம். நான் கத்தரிக்கோலை எடுத்தேன். உறையில் முதல் மடிப்பு வருகிற இடத்தில், ஒரு சட்டைப் பொத்தான் அளவுக்கு ஓட்டை வெட்டினேன். நூல் தோலில் படட்டும், மற்ற இடத்தை உறை காக்கட்டும் என்று என் மூளை சொன்னது. முடிச்சு வழுக்கினால் இன்னொரு சுற்றுப் போடுகிற மாதிரி, விரல் பேசாவிட்டால் ஓட்டை வெட்டினேன்.

பிறகு நடந்ததை அருளப்பு சொல்லித்தான் அறிந்தேன். அன்று ஒரு பெரிய பாரை மீன் இரையை எடுத்திருக்கிறது. பாரை ஓடினால் நூலை விட்டுக்கொடுத்துப் பிடிக்க வேண்டும். கை எரிகிறபோதுதான் எவ்வளவு விடுவது, எப்போது இறுக்குவது என்று தெரியும். அவருக்கு எரியவில்லை. அதனால் விடவுமில்லை. நூல் அந்த ஓட்டைக்குள்ளால் அறுத்துக்கொண்டு ஓடியிருக்கிறது.

"அண்ணை, வள்ளத்துக்குள்ளை ரத்தம்" என்றிருக்கிறது அருளப்பு.

"மீன்ரை ரத்தமாக்கும்."

"மீன் இன்னும் தண்ணிக்கை நிக்குது, அண்ணை."

அப்போதுதான் அவர் குனிந்து தன் கையைப் பார்த்திருக்கிறார். உப்புத் தண்ணீர் பட்டுக்கொண்டிருந்த காயம், எலும்பு வரைக்கும் போயிருக்கிறது. அதன் பிறகும் அந்தப் பாரையை இடக் கையால் ஏற்றிக்கொண்டுதான் வந்தார். சாரத் துண்டு ஒன்றைக் கையில் சுற்றிக்கொண்டு, "சின்னக் கீறல், நோகேல்லை" என்று சிரித்தபடி வந்தார். நோகாத காயம் சின்னக் காயம் என்று நானும் மஞ்சள் வைத்துக் கட்டினேன். நாலாம் நாள் விரல் கறுத்து மணக்கத் தொடங்கிய பிறகுதான் குறிகாட்டுவான் துறைக்குப் படகு ஏறினோம். யாழ்ப்பாணத்தில் டாக்டர் பார்த்துவிட்டு, இரண்டு நாள் முன்னால் வந்திருந்தால் பாதியாவது மிஞ்சியிருக்கும் என்றார். அடியோடு எடுத்தார்கள்.

நீ தொலைபேசியில், "நான் அனுப்பின நூல்தானே அம்மா?" என்று கேட்டாய். உன் குரல் உடைந்திருந்தது. நான் பேசாமல் இருந்தேன். நீ அந்த மௌனத்தை "ஓம்" என்று எடுத்துக்கொண்டாய். இல்லை என்று சொல்ல வேண்டுமென்றால் ஓட்டையைச் சொல்ல வேண்டும். ஓட்டையைச் சொன்னால் இருமலைச் சொல்ல வேண்டும். உன் முன்னால் அவ்வளவு சிறியவளாக நிற்க எனக்கு மனம் வரவில்லை. உன்னை அழ விட்டேன். பெற்ற பிள்ளையின் மேல் என் பாரத்தை இறக்கி வைத்துவிட்டு மூன்று வருடம் சோறு தின்றிருக்கிறேன். அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன், தம்பி. உடனே மன்னிக்க வேண்டுமென்று இல்லை.

இப்போது எப்படி மீன் பிடிக்கிறோம் என்று நீ ஒருநாளும் கேட்கவில்லை. கேட்கப் பயந்திருப்பாய். வாரத்தில் மூன்று நாள் நானும் வள்ளத்தில் போகிறேன். நூல் கிடப்பது என் விரலில், ஓட்டையில்லாத உறைக்கு மேல். எனக்கு உறைக்கு மேலாலும் தெரிகிறது. கொத்தினால் முழங்காலால் அவரை இடிப்பேன், அவர் கையுறை போட்ட கையால் சுண்டி ஏற்றுவார். "கொத்துக்கு அக்கா, இழுவைக்கு அண்ணை, எனக்கு இந்த வள்ளத்திலை இனி என்ன வேலை?" என்று அருளப்பு பகிடி பண்ணும். அது உன் நூல்தான். உருளையில் பாதி இன்னும் மிச்சம் இருக்கிறது. நல்ல நூல். தன்னிடம் வந்த சேதி ஒன்றையும் அது மறைத்ததில்லை. அப்பா இப்போது கிளினிக்கில் கண்ணை மூடிக்கொண்டு படுத்தால், தெரியாததற்குத் தெரியவில்லை என்றே சொல்கிறார். நான் வெளியில் வாங்கில் இருப்பேன். பின்னேரத்தில் அவர் பாதங்களை முகம் பார்க்கிற கண்ணாடித் துண்டு ஒன்றைக் கீழே பிடித்துப் பார்ப்பேன். அவர் புறுபுறுப்பார், நான் விடுவதில்லை.

இந்தக் கடிதம் எழுதுகிறேன் என்று நேற்று அவரிடம் சொன்னேன். "இருமினதையும் எழுதுறீரோ?" என்று கேட்டார்.

"ஓம்."

"எழுதும். நான் ஓம் எண்டு சொன்னதையும் சேர்த்து எழுதும். நீர் மட்டும் இருமி ஒண்டும் நடக்கேல்லை."

தம்பி, அவர் தங்கூசியைக் குற்றம் சொன்னார். நீ குளிரைக் குற்றம் சொல்கிறாய். அந்தத் தொழிற்சாலையில் உன்னோடு நிற்கிற மற்றவர்களுக்கும் அதே குளிர்தான். அவர்கள் சப்பாத்துக்குள் கட்டை கிடந்தால் கழற்றிப் பார்க்கிறார்களா இல்லையா என்று கேட்டுப் பார். ஒரே தங்கூசி அருளப்புக்குச் சொன்னது, அப்பாவுக்குச் சொல்லவில்லை. நான் அதைக் கண்டும் காணாத மாதிரி இருந்தேன். உன் விஷயத்தில் அப்படி இருக்க மாட்டேன். உனக்கு நாற்பது வயது, அப்பாவின் இரத்தம், அப்பாவைப் போலவே சோற்றில் ஆசை. இந்தக் கடிதம் கிடைத்த கிழமைக்குள் டாக்டரிடம் போய் இரத்தம் சோதித்துப் பார். காலையும் காட்டு. என்ன சொன்னார்கள் என்று எனக்குச் சொல். நல்லதென்றாலும் சொல், இல்லையென்றாலும் அன்றைக்கே சொல். உன் பகிடியை நான் மறுமொழியாக எடுக்க மாட்டேன்.

அதற்கு முன்னால், கடிதத்தோடு ஒரு துண்டு தங்கூசி வைத்திருக்கிறேன். விரல் நீளம், சொண்டில் இழுத்துப் பார்த்து உரசல் இல்லாத இடத்தில் வெட்டினது. இது டாக்டரிடம் இருக்கிற சாமான் இல்லை. இதில் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் நீ அவரிடம் போகத்தான் வேண்டும். ஆனால் நீ போவதற்கு ஒரு காரணத்தை உன் காலே உனக்குச் சொல்லட்டும் என்று வைக்கிறேன். கட்டிலில் படுத்துக் கண்ணை மூடு. மருமகள் இதன் நுனியால் உன் உள்ளங்காலில் அங்கும் இங்கும் தொடட்டும். தெரிந்தால் ஓம் என்று சொல். தெரியாவிட்டால் பேசாமல் கிட. பேசாமல் கிடப்பதில் வெட்கமில்லை.

அந்த நேரம் மட்டும் பிள்ளையை அறைக்குள் விட வேண்டாம். அவளுக்கு உன்மேல் உயிர். நீ பேசாமல் கிடப்பதைப் பார்த்தால் பொறுக்க மாட்டாள், இருமிவிடுவாள்.

அம்மா